பிபி, சுகர், எடையை வீட்டிலிருந்தே அனுப்புகிறீர்களா? அந்தப் பக்கம் யார் என்று முதலில் கேளுங்கள்

பிபி மெஷின், குளுக்கோமீட்டர், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், ப்ளூடூத் உள்ள எடை மெஷின் என்று நாலும் வீட்டில் இருக்கும். காலையில் எழுந்ததும் வரிசையாக அளந்து முடித்துவிடுவார்கள், ஆப்பில் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. எல்லாம் டாக்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று வீட்டில் நம்பிக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை நேரில் வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் விட்டிருப்பார். எண்ணைப் பார்க்க ஓர் ஆளும், பார்த்த பிறகு என்ன செய்வது என்ற முடிவும் இருந்தால்தான் அதற்குத் தொலைக் கண்காணிப்பு என்று பெயர். அது இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் எண்கள் சேர்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதயச் செயலிழப்பு (இதயம் தேவையான அளவு ரத்தத்தை இறைக்க முடியாமல் பலவீனமாகும் நிலை), ஆஸ்துமா, சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இவற்றில் ஏதாவது ஒன்றோடு வாழ்பவருக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் எண்ணுக்கும் உங்கள் டாக்டர் சொன்ன எண்ணுக்கும் வித்தியாசம் இருந்தால் டாக்டர் சொன்னதுதான் கணக்கு.

யோசனை ஒன்றும் புதிதல்ல. ஈசிஜி கருவியை உருவாக்கிய வில்லம் ஐந்தோவன் 1905 வாக்கிலேயே, நெதர்லாந்தின் லைடன் நகரில் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளின் ஈசிஜியைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்கு வரவழைத்துவிட்டார். கம்பியின் இந்த முனையில் அவரே உட்கார்ந்து பார்த்தார். இன்றைக்கு நாம் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. அமெரிக்காவில் 1653 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2010இல் வெளிவந்தது. தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு எடையையும் அறிகுறிகளையும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுகளை வேலைநாட்களில் ஒருவர் பார்ப்பார். ஆறு மாதத்தில் மருத்துவமனை சேர்க்கையோ இறப்போ குறையவில்லை. கருவி கொடுக்கப்பட்டவர்களில் ஏழில் ஒருவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவே இல்லை, கடைசி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது கூப்பிட்டவர்கள் பாதிக்குச் சற்று மேல். அப்புறம் 2018இல் ஜெர்மனியில் 1571 பேரை வைத்து நடந்த ஆய்வு வந்தது. அதில் எடை, பிபி, ஈசிஜி, ஆக்ஸிஜன் எல்லாம் தினமும் ஒரு மையத்துக்குப் போகும். அங்கே 24 மணி நேரமும் டாக்டரும் நர்ஸும் இருப்பார்கள், எண் மாறினால் அவர்களே நோயாளியைக் கூப்பிடுவார்கள். இதில் இறப்பும் குறைந்தது, மருத்துவமனையில் கழியும் நாட்களும் குறைந்தன. இரண்டு ஆய்வுக்கும் இடையே வேறு பல வித்தியாசங்களும் உண்டு, எல்லாவற்றையும் ஒரே காரணத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அந்தப் பக்கம் ஆள் இருந்தாரா, உடனே ஏதாவது செய்தாரா என்பதை ஒதுக்கிவிட்டு யோசிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஆப் இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்காக. அதே 2018இல் பிரிட்டனில் 1182 பேரிடம் நடந்த ரத்தக் கொதிப்பு ஆய்வில் ஒரு பிரிவினர் வீட்டில் அளந்து காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள், இன்னொரு பிரிவினர் ஃபோனில் அனுப்பினார்கள். இரண்டு பக்கமும் டாக்டர்கள் அந்த எண்களை வைத்தே மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து மேல் பிபியின் சராசரி தபால்காரர்களுக்கு 137, ஃபோன்காரர்களுக்கு 136, பழையபடி மருத்துவமனையில் மட்டும் அளந்தவர்களுக்கு 140. ஃபோனில் அனுப்பியவர்களுக்கு எண் சீக்கிரம் இறங்கியது உண்மைதான், ஆனால் நோட்டுப் புத்தகம் பெரிதாகத் தோற்றுவிடவில்லை.

மெஷினுக்கு முன்னால் ஒரு காகிதம்

டாக்டரிடம் போகும்போது சில கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என் நோய்க்கு எந்த எண்ணை அளக்க வேண்டும், எத்தனை நாளுக்கு ஒரு முறை? அதை உங்கள் தரப்பில் யார் பார்ப்பார், எப்போது பார்ப்பார்? இரவிலும் விடுமுறை நாளிலும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், நாங்கள் அதற்கேற்ப இருந்துகொள்கிறோம். எந்த எண்ணைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும், எந்த எண்ணில் நேரே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும்? நீர் மாத்திரையையோ இன்சுலினையோ நானாகக் கூட்டிக் குறைக்க அனுமதி உண்டா, உண்டென்றால் எவ்வளவு?

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலருக்கும் தயக்கம். கேளுங்கள். பயன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் எண்ணைப் பார்த்த அன்றே ஏதாவது செய்ய முடிகிறது. அனுமதி இல்லை என்று சொன்னால் அதுவும் தெளிவான பதில்தான், நீங்களாக மாத்திரையில் கை வைக்காதீர்கள்.

வரும் பதில்களை ஒரே பக்கத்தில் எழுதி, மெஷின் இருக்கும் இடத்துக்கு மேலே ஒட்டுங்கள். இதயச் செயலிழப்பு உள்ள ஒருவருக்கு அது இப்படி இருக்கலாம்: “வழக்கமான எடை 68 கிலோ. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே நர்ஸுக்குப் போன். இரவு 8க்கு மேல் என்றால் டியூட்டி டாக்டருக்கு. படுத்தால் மூச்சு முட்டினால் எடை எதுவாக இருந்தாலும் போன். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ். மயக்கம் வருகிற மாதிரி இருந்து மேல் பிபி 90க்குக் கீழே இருந்தால் அடுத்த பிபி மாத்திரைக்கு முன் போன்.” அதில் வரும் எண்கள் உங்களுக்கானவையாக இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரருடையவை அல்ல.

இந்த ஒரு பக்கம் நிரம்பவில்லை என்றால் மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போடலாம்.

எவ்வளவு குறைவாக அளக்க முடியுமோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. இதயச் செயலிழப்புக்கு எடையும் பிபியும் நாடித்துடிப்பும், ரத்தக் கொதிப்புக்கு பிபி மட்டும், சர்க்கரைக்கு சுகரும் அவ்வப்போது பிபியும், சிஓபிடிக்கு அறிகுறிகளும் டாக்டர் சொன்னால் ஆக்ஸிஜனும், ஆஸ்துமாவுக்கு பீக் ஃப்ளோ (ஒரு சின்னக் குழாய்க் கருவியில் பலமாக ஊதி, மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்ப்பது). ஆறு எண்ணை மூன்று வாரம் அளந்து அலுத்துப்போய் விடுவதைவிட இரண்டு எண்ணை ஒரு வருடம் அளப்பது உபயோகமானது.

பிபி: தவறு நடப்பது பெரும்பாலும் நாற்காலியில்

மேல்கையில் பட்டை கட்டும் மெஷினாக வாங்குங்கள். மணிக்கட்டு மெஷினில் கை இதயத்தின் உயரத்துக்கு மேலோ கீழோ கொஞ்சம் போனாலும் எண் மாறிவிடும். பட்டையே இல்லாமல் பிபி காட்டுவதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் சிகிச்சை முடிவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ரத்தக் கொதிப்புச் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. எந்த மாடல் முறையாகச் சோதிக்கப்பட்டது என்பதை ஸ்ட்ரைட் பிபி என்ற இணையதளத்தில் பார்க்கலாம். கடையில் வாங்கும் முன் இரண்டு நிமிடம் அதற்குச் செலவு செய்யுங்கள், ஆன்லைன் ஸ்டார்களை நம்பாதீர்கள்.

பட்டையின் அளவு முக்கியம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்துக் கையின் சுற்றளவை எடுத்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பருமனான கையில் சாதாரணப் பட்டையைக் கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை கட்டி அளந்த ஓர் ஆய்வில் மேல் பிபி 20 அளவுக்குக் கூடுதலாக வந்தது. இல்லாத பிபிக்கு மாத்திரை எழுத அது போதும்.

அளக்கும் முறை இதுதான். அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், நிரம்பிய மூத்திரப்பையும் பிபியை ஏற்றும். முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் போடக் கூடாது. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிக்கொண்டு அதற்குக் கீழே பட்டை கட்டுவார்கள், சுருட்டிய துணி கயிறு மாதிரி கையை இறுக்கும், அதனால் அந்தக் கையைச் சட்டையிலிருந்து முழுக்க வெளியே எடுத்துவிடுவது நல்லது. முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டையின் கீழ் விளிம்பு, டியூப் கையின் உள்பக்கமாக, பட்டைக்குள் ஒன்றிரண்டு விரல் நுழைகிற இறுக்கம். கையை மேசையில் வைத்து, பட்டை நெஞ்சின் உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள், தாழ்வாக இருந்தால் அடியில் ஒரு தலையணை. கையை மடியில் வைத்தால் மேல் பிபி 4 அளவுக்கும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6, 7 அளவுக்கும் கூடுதலாகக் காட்டும் என்று 2024இல் வந்த ஆய்வில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். இப்படி உட்கார்ந்து ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். சும்மா என்றால் ஃபோன் பார்க்காமல், டிவி இல்லாமல், முக்கியமாகப் பேசாமல். மெஷின் காற்றை ஏற்றிக்கொண்டிருக்கும்போது “எவ்ளோ காட்டுது?” என்று கேட்பவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள், அவர்களைக் கொஞ்ச நேரம் அடுத்த அறையில் இருக்கச் சொல்லுங்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு ரீடிங். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் ஒரு தடவை, மாலையிலோ இரவிலோ ஒரு தடவை. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஏழு நாள் இப்படி எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைக் கொடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐ எட்டினாலே அதிகம் என்று கணக்கு; மருத்துவமனையில் இதற்கு இணை 140/90. எண் பிடிக்கவில்லை என்று நல்ல எண் வரும்வரை திரும்பத் திரும்ப அளந்து அதை மட்டும் எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி எழுதிய நோட்டை வைத்து எந்த டாக்டராலும் எதையும் முடிவு செய்ய முடியாது. வந்ததை வந்தபடி எழுதுங்கள், 138ஐ 140 என்று முழுசாக்கவும் வேண்டாம்.

முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து, எதில் அதிகமோ அந்தக் கையையே எப்போதும் பயன்படுத்துங்கள். வித்தியாசம் 10, 15க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எழுந்தால் தலைசுற்றுகிறது என்பவர்கள் எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒரு ரீடிங் எடுக்கலாம் (பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு). மேல் பிபி 20 அல்லது கீழ் பிபி 10 இறங்கினால் அது தெரிவிக்க வேண்டிய விஷயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்குத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதால் ரீடிங்கும் ஒன்றுக்கொன்று தள்ளிப் போகும், மூன்று எடுத்துச் சராசரி பாருங்கள். 180/120க்கு மேல் காட்டினால், வேறு தொந்தரவு எதுவும் இல்லையென்றால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளந்து, அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் கூட இருந்தால் மறுபடி அளக்க உட்காராமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

எடை

இதயச் செயலிழப்பில் எடைதான் முதல் எண். உடலில் தேங்கும் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோவாக மெஷினில் தெரியும், கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிய அதற்குப் பிறகும் நாளாகும். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எடை ஏறத் தொடங்கிவிடுகிறது என்று 2007இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் இந்த வேலையெல்லாம்.

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில், அதே மெஷினில். மெஷின் கெட்டியான தரையில் இருக்க வேண்டும், விரிப்பின் மேல் வைத்தால் எண் ஆடும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் வீட்டு மெஷினில் ஏறி வரும் எண்ணையே அடிப்படையாக எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இருந்த மெஷினும் இங்கே இருப்பதும் ஒரே எண்ணைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது, இதைக் கவனிக்காமல் முதல் நாளே “ரெண்டு கிலோ ஏறிடுச்சு” என்று பதறுபவர்கள் உண்டு.

திங்கள் 68.2, புதன் 69.4, வியாழன் 70.3 என்று வந்தால் வியாழன் காலையே போன் செய்ய வேண்டும், சனிக்கிழமை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. எடை இறங்குவதையும் கவனியுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளில் நீர் மாத்திரையும் போட்டுக்கொண்டு எடை மளமளவென்று இறங்கி, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அதுவும் போன் செய்ய வேண்டிய நிலைதான். எடையோடு ஒரு வரி எழுதுங்கள்: நேற்று எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், நடுவில் மூச்சு முட்டி எழுந்தாரா, செருப்பு இறுக்கமாக இருக்கிறதா. இந்த வரியை எந்த மெஷினும் அனுப்பாது.

சர்க்கரை, ஆக்ஸிஜன், பீக் ஃப்ளோ

குளுக்கோமீட்டருக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவி நன்றாகத் துடைப்பதுதான் பாதி வேலை. பழம் உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்து மெஷின் காட்டிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடுங்கள், ஈரம் பட்டால் கெட்டுவிடும், காலாவதித் தேதியையும் பாருங்கள். இப்போதைய சர்வதேசத் தர விதிப்படி 100க்கு மேல் உள்ள எண்ணில் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். அதனால் 142க்கும் 150க்கும் இடையில் எந்தக் கதையும் இல்லை, ஒரே நேரத்து எண்கள் பல நாளாக எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். எண்ணின் பக்கத்தில் சாப்பிடும் முன்னா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா என்று எழுதாவிட்டால் அனுப்பியும் பிரயோஜனம் இல்லை.

தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை அளக்கிறது, அதனால் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். சுகர் வேகமாக இறங்கும்போது இந்தத் தாமதம் முக்கியம். சென்சார் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து படுத்தால் அழுத்தத்தில் பொய்யாக லோ காட்டும், நள்ளிரவு அலாரம் பலவற்றுக்கு இதுதான் காரணம். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 70 முதல் 180க்குள் நாளின் 70 சதவீத நேரம் இருந்தால் நல்லது என்பது பொதுவான இலக்கு, வயதானவர்களுக்கு இதைத் தளர்த்துவார்கள். 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அப்புறம், குத்தாமலே சுகர் காட்டும் என்று விற்கும் வாட்ச், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதில் வரும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆக்ஸிமீட்டரை நகப்பூச்சு இல்லாத, சூடான விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பொறுங்கள். முதலில் தோன்றும் எண்ணைப் படிக்காதீர்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும் போக்கு இந்தக் கருவிக்கு உண்டு, 2020இல் வந்த ஆய்வுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்பட்டது. ஆகவே எண் 94 என்று சொன்னாலும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள். சிஓபிடியில் சிலருக்கு டாக்டர்களே 88 முதல் 92 என்று இலக்கு வைப்பார்கள். அவர்களுக்கு 95 வர வேண்டும் என்று வீட்டில் ஆக்ஸிஜனைக் கூட்டிவிடுவது கெடுதல். ஸ்காட்லாந்தில் 2013இல் வந்த ஓர் ஆய்வில், நல்ல சிகிச்சை ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த சிஓபிடி நோயாளிகளுக்குத் தொலைக் கண்காணிப்பைச் சேர்த்ததால் மருத்துவமனை சேர்க்கை தள்ளிப்போகவில்லை. அதனால் இந்த நோயில் சளியின் நிறம், அளவு, வழக்கமாக ஏறும் படியில் நின்று நின்று ஏறுகிறாரா என்பதற்கு எண்ணைவிட மதிப்புக் கொடுப்பேன்.

பீக் ஃப்ளோவில் மூன்று தடவை ஊதி அதிகமானதை எழுதுங்கள். உங்களுடைய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்கு மேல் பச்சை, 50 முதல் 80 மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு.

அனுப்புவதில் உள்ள சில்லறைச் சிக்கல்கள்

ப்ளூடூத் மெஷின் என்றால் முதல் நாளே ஃபோனின் பேட்டரி செட்டிங்ஸுக்குப் போய் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றிவிடுங்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஃபோன் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும், ரீடிங் மெஷினிலேயே தங்கிவிடும், யாருக்கும் தெரியாது. மெஷினில் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று பேட்டரி மாற்றும்போதெல்லாம் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே மெஷினில் அளந்தால் 1, 2 என்று பயனர் பொத்தான் இருக்கும், அதை மாற்றாமல் அளந்தால் ஒருவருடைய பிபி இன்னொருவர் கணக்கில் சேரும். விருந்தாளிகள் ஆசைக்கு அளந்தாலும் இதே கதை.

ஆப் இல்லாமல் மெசேஜில் அனுப்புபவர்கள் “டாக்டர் பிபி 160 என்ன செய்ய” என்று தினம் ஒன்று அனுப்பாமல் வாரத்துக்கு ஒன்று இப்படி அனுப்பலாம்: “போன வாரம் காலை சராசரி 148/88, மாலை 139/84. தினம் இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு ரீடிங், முதல் நாளை விட்டுவிட்டேன். மாத்திரை ஒரு வேளையும் விடவில்லை. முழங்கால் வலிக்கு ஐந்து நாளாக வலி மாத்திரை சாப்பிடுகிறேன். தலைசுற்றல் இல்லை. வரும் தேதிக்கு முன் ஏதாவது மாற்ற வேண்டுமா?” இதைப் படிக்கும் டாக்டருக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வலி மாத்திரையாக இருக்கும். இபுப்ரூஃபன் போன்றவை பிபியை ஏற்றும், உடலில் நீரையும் தேக்கும். பிபி மாத்திரையைக் கூட்டாமல் வலி மாத்திரையை மாற்றியே காரியம் முடியலாம். வெறும் எண்ணை அனுப்பியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. அவசரத்துக்கு மட்டும் மெசேஜ் கூடவே கூடாது, போன்தான். டிக் நீலமாக மாறிவிட்டது என்பதால் யாரோ முடிவெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

நெஞ்சில் அழுத்தம், முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்வது, ஒரு வாக்கியம் முடிக்க முடியாத மூச்சிரைப்பு, உதடு நீலம் பாய்வது, திடீர்க் குழப்பம், மயங்கி விழுவது, இவற்றுக்கு அளப்பதும் அனுப்புவதும் வேண்டாம், ஆம்புலன்ஸ். ஈசிஜி எடுக்கும் வாட்ச் ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க உதவும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. அது “நார்மல்” என்று காட்டியதால் நெஞ்சுவலியோடு படுக்கப் போகக் கூடாது.

அலாரத்தை டாக்டரோடு உட்கார்ந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆப்போடு வரும் அளவுகளை அப்படியே விட்டால் நாளுக்கு நாலு தடவை அடிக்கும், இரண்டாவது வாரத்தில் சத்தத்தை அணைத்துவிடுவீர்கள், மூன்றாவது வாரத்தில் உண்மையான அலாரமும் கேட்காது. ரீடிங் வரவில்லை என்பதற்கும் ஒரு அலாரம் வையுங்கள். தனியாக இருக்கும் அம்மாவின் எடை தினமும் ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தது, இன்று ஒன்பதாகியும் வரவில்லை என்றால் ஒரு போன் போட்டுப் பார்க்கலாம்.

அந்தப் போனில் எடுத்தவுடன் “ஏம்மா இன்னும் அளக்கல?” என்று தொடங்காதீர்கள். எப்படித் தூங்கினாய், காலில் வீக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள், எண் தானாக வரும். யார் யார் தன் எண்களைப் பார்க்கலாம் என்பதை அவரே சொல்லட்டும்; பெரிய மகனுக்குத் தெரியட்டும், குடும்பக் குரூப்பில் போட வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும். ஆப்பின் பாஸ்வேர்டும் ஓடிபியும் யார் போன் செய்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவையுங்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும் சரி.

அடிக்கடி அளப்பதே சிலருக்கு நோயாகிவிடும். படபடப்பாக இருக்கிறது என்று அளப்பார்கள், அதிகம் காட்டும், அதைப் பார்த்துப் படபடப்பு ஏறும், மறுபடி அளப்பார்கள். குறித்த நேரம் தவிர மெஷினை வேறொருவர் எடுத்து வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை. அறிகுறி எழுதும் வரியில் “பதற்றம்” என்றும் எழுதலாம், டாக்டர் அதையும் பார்க்கட்டும்.

ஒரு மாதம் கழித்து டாக்டரோடு அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்து, இந்த மாதம் எந்த எண்ணை வைத்து எதை மாற்றினோம் என்று பாருங்கள். எதையுமே மாற்றாத எண்ணை நிறுத்திவிடலாமா என்று கேளுங்கள். பிபி நிலையாக இருப்பவருக்குத் தினமும் தேவையில்லை, அடுத்த தேதிக்கு முந்தைய ஏழு நாள் போதும் என்று சொல்லக்கூடும். இதயச் செயலிழப்பில் எடையை நிறுத்தச் சொல்வது அபூர்வம். வருடத்துக்கு ஒரு முறை பிபி மெஷினைக் கையோடு கொண்டுபோய் அங்கே உள்ள மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், பட்டையின் ஒட்டு தளர்ந்திருந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம். கருவி மருத்துவமனை இரவல் கொடுத்தது என்றால் திருப்பிக் கொடுக்கும் முன் உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்கி, எண்களை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் அவர் கேட்கப்போவது அதைத்தான்.